ஆமை வளர்த்த காக்கட்டூ

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று ஒரு பழமொழி உண்டு. அது முற்றிலும் தவறு என்பதை மிகுந்த பொறுப்புடன் முதலிலேயே தெரிவித்துவிட வேண்டும். ஆமை யார் வீட்டிலும் புகுவதில்லை. முதுகிலேயே சொந்த வீடு வைத்திருப்பவர் அடுத்தவர் வீட்டில் ஏன் புக வேண்டும்? அந்தப் பழமொழியில் வருவது ஆமையே அல்ல, பொறாமை என்று விளக்கம் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆமையின் பழியை எடுத்துப் பொறாமையின் தலையில் வைக்கிறார்களே தவிர, ஆமையின் வீட்டில் வேறொருவர் புகுந்தால் என்ன ஆகும் என்று சொல்வதில்லை. நடந்தது அதுதான்.

காட்டின் தெற்கு ஓரத்தில் மருதங்குட்டை என்று ஒரு குட்டை. ஐப்பசியில் கரை தளும்பும். சித்திரையில் வெறும் சேறு. கரையில் ஒரு சாய்ந்த மருதமரம், அதன் வேர்களுக்கு நடுவே ஒரு பொந்து. அந்தப் பொந்தில் ஆமை ஒன்று இருந்தது. முதுகில் ஒரு வீடு இருக்கும்போது பொந்து எதற்கு என்று கேட்கக் கூடாது. வசதியானவர்கள் இரண்டு வீடு வைத்திருப்பது வழக்கம்தான்.

ஆமைக்குப் பெயர் இல்லை. குட்டையில் இருந்தது ஒரே ஓர் ஆமை. பெயர் வைத்தால் வீண்.

அதற்கு ஒரு துக்கம் இருந்தது. வளர்த்தது எதுவும் நிலைக்கவில்லை. முதலில் ஒரு தும்பி வளர்த்தது. ஒரு மாதம். பிறகு ஒரு தவளை. நாலு வருஷம். அப்புறம் ஓர் அணில். ஆறு வருஷம் இருந்தது; நல்ல அணில். எல்லாம் வயதாகித்தான் போயின. ஆனால் நூறு வருஷம் வாழ்கிறவர்களுக்கு, மற்றவர்கள் மிகவும் அவசரப்படுவதாகத் தோன்றும். அணில் போன பிறகு ஆமை ஒரு வருஷம் யாரிடமும் பேசவில்லை. பேசாதது ஆமை என்பதால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஓர் ஆடி மாதம், காற்று பேயாட்டம் ஆடிய ஒரு பகலில், கோரைப்புல்லுக்கு நடுவே வெள்ளை மூட்டை போல ஏதோ வந்து விழுந்தது.

"யாரு?" என்றது ஆமை.

"டிங் டாங்! யாரு? கேஸ் சிலிண்டரா? நாளைக்கு வாப்பா!" என்றது மூட்டை.

ஆமை கிட்டே போய்ப் பார்த்தது. வளைந்த அலகு, வெள்ளை இறகு, தலையில் மஞ்சள் கொண்டை.

"நீ என்ன கொக்கா?"

"கொக்கா! நான் காக்கட்டூ! கிளி ஜாதி. எங்க சனம் கடலுக்கு அந்தப் பக்கம். நான் டவுன்ல ஒரு வீட்டுல இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. காத்து தூக்கிக்கிட்டு வந்துடுச்சு. என் பேரு பவுடர்!"

இப்படிச் சொல்லிவிட்டு அது உடம்பை ஓர் உதறு உதறியது. வெள்ளைத் தூள் புகையாகக் கிளம்பியது. ஆமைக்கு நாலு தும்மல் வந்தது. பெயரின் காரணமும் விளங்கியது.

"உனக்கு என்ன வயசு?" என்று கேட்டது ஆமை.

"எட்டு."

"இன்னும் எத்தனை நாள் இருப்பே?"

"எங்க அத்தைக்கு அறுபத்தெட்டு. இன்னும் கத்திக்கிட்டுத்தான் இருக்கா!"

ஆமை அறுபத்தெட்டு என்பதை மட்டும் கேட்டது. செல்லப்பிராணி வளர்க்க ஆசைப்படுகிறவர்களின் காதில் முதல் பாதிதான் விழும்.

"இங்கேயே இருந்துக்கறியா?"

"சாப்பாடு?"

"நாவற்பழம் உண்டு. இலந்தை உண்டு. புல்லரிசி வேண்டிய மட்டும்."

"பேச்சுக்கு ஆளு?"

"நான் இருக்கேனே."

"அப்ப சரி அண்ணே!" என்று காக்கட்டூ ஆமையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது.

அன்று முதல் மருதங்குட்டையில் ஒரு புது வாழ்க்கை ஆரம்பித்தது. காக்கட்டூவுக்குப் பிரியமானவர்களைக் கோதிவிடும் வழக்கம் உண்டு. ஆமையிடம் கோத ஓர் இறகுகூட இல்லை. காக்கட்டூ மனம் தளரவில்லை. ஓட்டில் படிந்திருந்த முப்பது வருஷப் பாசியைச் சுரண்டத் தொடங்கியது. பத்தே நாளில் ஆமையின் முதுகு தேய்த்து வைத்த பித்தளைத் தவலை போல ஆகிவிட்டது. பக்கத்துக் கோரையில் குடியிருந்த நீர்க்கோழி அதில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டது.

காக்கட்டூ ஆடும். காற்றில் மருத இலைகள் சலசலத்தால் கொண்டையை விரித்து, ஒரு காலைத் தூக்கி, தலையை மேலும் கீழும் ஆட்டி ஆடும். குக்கர் மாதிரி மூன்று விசில் அடித்து, "அடுப்பை அணை!" என்று கத்தும். அடுப்பு என்றால் என்னவென்று அறியாத தவளைகள், எதற்கும் இருக்கட்டும் என்று தண்ணீரில் குதிக்கும். ஆமை சிரிக்கும். ஆமை சிரித்து முடிக்க வெகுநேரம் ஆகும்.

கஷ்டங்களும் இருந்தன. பொந்தின் வாசலில் ஆமை ஒரு வேர்த்துண்டைக் கதவாக வைத்திருந்தது. காக்கட்டூ அதைக் கடித்தது. கதவு முதலில் பாதிக் கதவு ஆயிற்று, பிறகு சிராய் ஆயிற்று.

"ஏம்மா, கதவு எங்கே?"

"கடிச்சுட்டேன் அண்ணே. நல்ல மரம்!"

"போகட்டும். காத்து வருது," என்றது ஆமை.

குட்டையின் மேல் எப்போதும் மெல்லிய வெள்ளைத் தூள் மிதந்தது. மீன்கள் தும்முமா என்பது தெரியவில்லை. தவளைகள் தும்மின. ஆமை இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. அறுபத்தெட்டு வருஷத்துக்கு ஒரு கதவு பெரிதா என்ன?

ஒரே ஒரு விஷயம்தான் முடியவில்லை. கத்தல்.

காக்கட்டூ விடிந்ததும் ஒரு தடவை கத்தும், பொழுது சாயும்போது ஒரு தடவை கத்தும். தடவை என்றால் ஒரு சத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒரு தடவை என்பது ஒரு நாழிகை.

"இருக்கியா! இருக்கியா! இருக்கியா!"

கத்தல் தொடங்கியதும் ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். இதைக் கோபம் என்றோ அலட்சியம் என்றோ எண்ணிவிடக் கூடாது. ஆமைக் குலத்தில் இது மிக உயர்ந்த மரியாதை. 'நீங்கள் சொல்லி முடியுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்' என்று அதற்குப் பொருள். இரண்டு ஆமைகளுக்குள் சண்டை வந்தால் இரண்டும் தலையை இழுத்துக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் சண்டை போயிருக்கும். அடக்கத்துக்கு ஆமையை உதாரணம் காட்டுகிறோமே, அது சும்மா இல்லை.

ஆனால் ஆமை உள்ளே போகப் போகக் காக்கட்டூவின் கத்தல் நீண்டது. ஒரு நாழிகை இரண்டானது. அது ஓட்டைச் சுற்றிச் சுற்றி வரும். தலை இருந்த இடத்தில் ஒரு கண்ணை வைத்து எட்டிப் பார்க்கும். இன்னும் சத்தமாகக் கத்தும். ஆமை, பாவம், மரியாதையை இன்னும் கூட்டும்.

தை மாதம் நீர்க்கோழி ஆறு முட்டை இட்டு அடைகாக்க உட்கார்ந்தது. மறுநாளே கழுத்தை நீட்டிக்கொண்டு சண்டைக்கு வந்தது.

"ஓய் ஆமையாரே! இது குட்டையா, சந்தையா?"

"சின்னஞ்சிறுசு. போகப் போகச் சரியாயிடும்."

"எப்போ?"

"அறுபது வருஷம் இருக்கே!"

"அதுக்குள்ளே என் முட்டை எல்லாம் காது செவிடாப் பொரியும் ஓய்!"

முட்டையைவிடப் பெரிய கவலை ஒன்று சீக்கிரமே வந்தது. ஒரு நாள் காக்கட்டூவின் மார்பில் அரசிலை அகலத்துக்கு இறகு இல்லை. கீழே வெள்ளை இறகுகள் சிதறிக் கிடந்தன.

"யார் பிய்ச்சது?" என்று பதறியது ஆமை.

"நான்தான்."

"வலிக்கலையா?"

"வலிக்குது."

"அப்புறம் ஏன்?"

காக்கட்டூ கொஞ்சம் யோசித்தது. "தெரியலை அண்ணே," என்றது. கொண்டை எழவே இல்லை.

ஆமைக்குச் சோறு இறங்கவில்லை. அதாவது, பாசி இறங்கவில்லை. அணில் கண்முன் வந்தது. பிறகு அந்தப் பாழாய்ப்போன பழமொழி நினைவுக்கு வந்தது. 'ஊர் சொல்றது சரிதான். என் வீடு ராசியில்லாத வீடு. இங்கே இருந்தால் இது பிழைக்காது' என்று அது முடிவுகட்டிவிட்டது. அதோடு மாசி பிறந்துவிட்டது. தண்ணீர் வற்றிக்கொண்டிருந்தது. பங்குனி கடைசியில் ஆமை சேற்றுக்குள் புதைந்தால், இரண்டு மாதம் கழித்துத்தான் எழும். அதுவரை இந்தப் பறவையை யார் பார்த்துக்கொள்வார்கள்?

இந்த மாதிரிச் செய்தி எப்போதும் சரியான காதுக்குப் போய்ச் சேரும். குட்டையின் அக்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் கொம்பில் ஒரு மரநாய் குடியிருந்தது. பகலெல்லாம் தூங்கும், சாயங்காலம் எழுந்து இலுப்பைப்பழம் தின்னும். எல்லோரும் பார்க்கும்போது பழம் மட்டுமே தின்னும். அது ஒரு மாலை மெல்ல நடந்து வந்தது.

"அண்ணாச்சி, கேள்விப்பட்டேன். மனசு கேக்கலை. பறவையை என்கிட்ட விடுங்க. பறவைன்னா எனக்கு உயிர்."

அதன் குரல் பஞ்சுபோல இருந்தது. மெதுவாகப் பேசுகிறவர்கள் நல்லவர்கள் என்பது ஆமைக் குலத்தின் இன்னொரு கொள்கை.

"முன்னே வளர்த்திருக்கீங்களா?"

"நிறைய! மைனா, புறா, காடை, கவுதாரி..."

"இப்போ எல்லாம் எங்கே?"

மரநாய் உதட்டை நக்கிக்கொண்டது. "ஒண்ணும் நிலைக்கலை, அண்ணாச்சி."

ஆமையின் கண்கள் கலங்கின. "எனக்கும் அப்படித்தான்," என்றது.

பிறகு, பொறுப்புள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்டது. "இது ரொம்பக் கத்துமே?"

"என்கிட்ட வந்தது எதுவும் ரெண்டாவது நாள் கத்தினதே இல்லை."

ஆமை அதை ஒரு திறமை என்று எடுத்துக்கொண்டது.

"அண்ணே," என்றது காக்கட்டூ. "நான் போகணுமா?"

ஆமைக்கு வேண்டாம் என்று சொல்ல ஆசை. சொன்னால் பறவை பிழைக்காதே என்ற பயம். ஒன்றும் சொல்ல முடியாமல், தனக்குத் தெரிந்த ஒரே மரியாதையைச் செய்தது. தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அண்ணே?"

ஓடு மட்டும் இருந்தது.

காக்கட்டூ கொஞ்ச நேரம் அந்த ஓட்டைப் பார்த்தது. பிறகு குட்டையின் மேலாகப் பறந்து இலுப்பை மரத்துக்குப் போனது. மரநாய் அவசரமே இல்லாமல் கரை சுற்றி நடந்தது.

ஆமை வெளியே வந்தபோது நீர்க்கோழி அடையில் இருந்தபடியே கேட்டது: "எங்கே ஓய், சத்தத்தைக் காணோம்?"

"நல்ல இடத்துக்கு அனுப்பிட்டேன். மரநாய் பார்த்துக்கறேன்னு சொன்னார்."

"மரநாயா!" நீர்க்கோழிக்கு இறகெல்லாம் சிலிர்த்தது. "போன வருஷம் இலுப்பையிலே கூடு கட்டின மைனா எங்கேன்னு நினைக்கிறீர்?"

"அவர் ரொம்ப மெதுவாப் பேசினாரே..."

"திருட வர்றவன் தம்பட்டம் அடிச்சுக்கிட்டா வருவான்?"

ஆமை திடுக்கிட்டுத் தண்ணீரை நோக்கித் திரும்பியது. திரும்புவதற்கே நேரமாயிற்று. நீந்தி அக்கரை சேர அரை நாழிகை. அப்புறம் சேறு, அதைக் கடக்க இன்னொரு நாழிகை. சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. மரநாய் இருட்டுக்காகத்தான் காத்திருக்கும்.

அப்போது அக்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"இருக்கியா! இருக்கியா!"

பழக்கம் பொல்லாதது. ஆமையின் தலை சட்டென்று உள்ளே போனது.

"மறுபடியும் உள்ளே போறீரே!" என்று அலறியது நீர்க்கோழி. "அது கூப்பிடுது ஓய்!"

"கத்துறவங்க முன்னாலே தலையை இழுத்துக்கறது எங்க குலத்து மரியாதை," என்றது ஆமை, உள்ளிருந்தபடியே.

"உம்ம மரியாதையிலே இடி விழ! இங்கே வாரும். இதைக் கேளும்!"

ஆமை தலையை நீட்டியது. நீர்க்கோழியின் வயிற்றுக்கு அடியில், ஒரு முட்டைக்குள்ளிருந்து, நூல்போல ஒரு குரல் கேட்டது. "கீ... கீ..."

நீர்க்கோழி குனிந்து, "ம்," என்றது.

முட்டை அடங்கிவிட்டது.

"பார்த்தீரா? ஓட்டை உடைச்சு இன்னும் வெளியேகூட வரலை, அதுக்குள்ளே 'இருக்கியா'ன்னு கேக்குது. 'ம்'னு சொன்னாப் போதும், தூங்கிடும். சொல்லாட்டி நாள் பூராக் கத்தும். உம்மைப் பாட்டா பாடச் சொல்றேன்? ஒரு 'ம்' ஓய்! கதை கேக்கிற குழந்தைகூடச் சொல்லுமே!"

ஆமை ஆடியிலிருந்து மாசி வரை ஒவ்வொரு விடியலையும் ஒவ்வொரு மாலையையும் நினைத்துப் பார்த்தது. தன் ஓட்டைச் சுற்றி ஒரு பறவை நடந்ததை நினைத்தது. தலை இருந்த இடத்தில் எட்டிப் பார்த்த கண்ணை நினைத்தது. அத்தனை மரியாதையும் அதன் நெஞ்சில் கல்லாக இறங்கியது.

அது கரையின் விளிம்புக்கு வந்து கழுத்தை நீட்டியது. அவ்வளவு நீளக் கழுத்து அதற்கு உண்டு என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. "ம்," என்றது. ஒரு கொசு பறந்து போனது. அவ்வளவுதான்.

"சத்தமா!"

"ம்ம்."

"அக்கரைக்கு ஓய்! எனக்கில்லை!"

அக்கரையில் காக்கட்டூ இலுப்பைக் கிளையில் தனியாக இருந்தது. ஒரு கிளை கீழே மரநாய் வாலைச் சுருட்டி உட்கார்ந்திருந்தது.

"கத்து கண்ணு, நல்லாக் கத்து. யாரும் வரமாட்டாங்க. களைச்சதும் தூங்கலாம்," என்றது மரநாய். "எழுபது வருஷம் இருப்பியாமே? ஊரிலே என்னென்னவோ பேசிக்கறாங்க."

காக்கட்டூ கூப்பிட்டுப் பார்த்துவிட்டது. பதில் இல்லை. பதில் என்றைக்கும் வந்ததில்லை. அது கொண்டையைத் தாழ்த்தி, தலையை இறக்கைக்குள் வைத்துக்கொண்டது. மரநாய் மெல்ல எழுந்து ஓர் அடி மேலே வைத்தது. இன்னோர் அடி.

"ம்ம்ம்ம்ம்!"

குட்டையைத் தாண்டி வந்தது அந்தச் சத்தம். ஓட்டை மத்தளம் போல இருந்தது. இனிமை என்று சொல்ல எதுவும் இல்லை. காக்கட்டூவின் கொண்டை ஒரேயடியாக விரிந்தது.

"அண்ணே?"

"ம்ம்ம்!"

"இருக்கியா?"

"ம்!"

மரநாய் பாய்ந்தது. அது போய்ச் சேர்ந்தபோது கிளையில் கொஞ்சம் வெள்ளைத் தூள்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாதாகையால், மரநாய் கீழே சேற்றில் விழுந்தது.

காக்கட்டூ நேராக வந்து ஆமையின் முதுகில் இறங்கியது. அங்கே இருப்புக்கொள்ளவில்லை. முன்னால் குதித்து ஆமையின் முகத்தைப் பார்த்தது.

"இருக்கே!"

"ம்."

"இத்தனை நாளா ஏன் சொல்லலை?"

"சொன்னா, குறுக்கே பேசினதா ஆயிடுமோன்னு..."

"குறுக்கே பேசணும் அண்ணே! அதுக்குத்தானே கத்துறது!"

அதன் பிறகு கத்தல் நின்றுவிட்டது என்று சொன்னால் அது பொய். காக்கட்டூ கத்தாமல் இராது. விடியலில் இரண்டே இரண்டு குரலில், "இருக்கியா! இருக்கியா!" என்று கேட்கும். ஆமை, "ம்," என்று சொல்லும். அவ்வளவுதான், காக்கட்டூ இலந்தைப்பழம் தேடப் போய்விடும். தூள் குறையவில்லை. புதுக் கதவும் வந்தது, புதுக் கதவும் போனது. ஆனால் பங்குனி பிறப்பதற்குள் மார்பில் பொடி இறகு முளைத்துவிட்டது. நீர்க்கோழியின் முட்டைகள் ஆறும் பொரிந்தன. ஒன்றுக்கும் காது செவிடில்லை.

சேற்றுக்குள் போகும் நாள் வந்தது.

"ரெண்டு மாசம் அண்ணே?" என்றது காக்கட்டூ.

"பகல்லே நீர்க்கோழி வீட்டுக்குப் போ. பேச்சுக்கு ஆளு உண்டு."

"என் தலையெழுத்து!" என்றது நீர்க்கோழி. ஆனால் தன் பக்கத்தில் ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருந்தது.

"காலையிலே, சாயங்காலம்?"

"கூப்பிட்டுப் பாரு," என்று சொல்லிவிட்டு ஆமை சேற்றுக்குள் இறங்கியது.

மறுநாள் விடிந்ததும் காக்கட்டூ சேற்றின் மேல் நின்று கூப்பிட்டது. "இருக்கியா?"

"ம்," என்றது அடியிலிருந்து சேறு.

மற்ற ஆமைகள் கோடையில் ஒரே மூச்சாகத் தூங்கும். இந்த ஆமை தினம் இரண்டு முறை விழித்தது. அதன் நூறு வருஷத்தில் இவ்வளவு குறைவாகத் தூங்கியதும் இல்லை, இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியதும் இல்லை.

மனதுக்குள் எவ்வளவு பிரியம் வைத்திருந்தாலும், கூப்பிட்டவர் காதில் விழாத பிரியம் இல்லாததற்குச் சமம் என்பது இதன் நீதி.

வைகாசியில் வெளியூர்க் கொக்கு ஒன்று வந்து, காய்ந்துகொண்டிருந்த சேற்றில் ஒற்றைக்காலில் நின்றது. பொழுது சாயும் நேரம். தூரத்தில் எதுவோ கத்தியது. கொக்கின் காலடியில் மண், "ம்," என்றது. அந்தக் கொக்கு இப்போது மலைக்கு அப்பால் ஓர் ஓடையில் மீன் பிடிக்கிறது, இரண்டு காலிலும் நின்றுகொண்டு.